வேற எடமே கெடைக்கலியா?

சலூன் நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தில் வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டார்கள் என்றால், அதற்கப்புறம் நமக்குப் பேச்சுரிமை கிடையாது. கத்தி அவர் கையில், கழுத்து நம்முடையது. எங்கள் தெரு சலூன்காரர் உலக விவகாரங்களில் சந்தேகம் கேட்பது எப்போதும் அந்த நேரத்தில்தான்.

டி.வி.யில் காஸாவைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். இடிந்து சரிந்த மாடி வீடுகள், அதன் நடுவே அலுமினியப் பாத்திரத்தோடு வரிசையில் நிற்கும் குழந்தைகள். சலூன்காரர் கத்தியை அந்தரத்தில் நிறுத்திவிட்டு டி.வி.யைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஏன் சார், இம்மாம் பெரிய உலகத்துல அந்த யூதருங்களுக்குன்னு வேற எடமே கெடைக்கலியா? அதே எடத்துலதான் போய் உக்காரணுமா?"

கன்னம் பூரா சோப்பு நுரை. "ம்ம்..." என்று வைத்தேன். அதற்கு ஆமாம் என்றும் அர்த்தம், இல்லை என்றும் அர்த்தம். பத்திரிகையில் எழுதுகிறவன் இப்படித் தப்பித்துக்கொள்வது புதுசில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து குளித்து முடித்த பிறகும் கேள்வி போகவில்லை. பரணிலிருந்து புத்தகங்களை இறக்கினேன். (தூசிக்கு நாலு தும்மல். வீட்டம்மாவிடமிருந்து இரண்டு வசவு.)

படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, அது ஒன்றும் அசட்டுக் கேள்வி இல்லை. அதே கேள்வியை ஏறக்குறைய அதே வார்த்தைகளில் 1899-லேயே ஒருவர் கேட்டிருக்கிறார். அவரைப் பற்றிக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். 'அதே இடம்' ஏன் என்பது முதலில் தெரிய வேண்டும்.

கி.பி. 70. ஜெருசலேம் நகரை ரோமாபுரிப் படை முற்றுகையிட்டுப் பிடித்தது. தளபதி டைட்டஸ். யூதர்களுக்கு உலகத்திலேயே ஒரே ஒரு கோயில்தான். அது இருந்தது ஜெருசலேம் குன்றின் மேல். அதைக் கொளுத்தித் தரைமட்டம் ஆக்கினார்கள். மிஞ்சியது, கோயில் நின்ற மேடையைத் தாங்கிய வெளிச்சுவர் மட்டும். அதன் மேற்குப் பக்கத்தில் நெற்றியை வைத்துத்தான் இன்றைக்கும் யூதர்கள் பிரார்த்தனை செய்கிறார்கள்.

132-ல் மறுபடி ஒரு கலகம். மூன்று வருஷத்தில் ரோம் அதையும் நசுக்கியது. இந்தத் தடவை சக்கரவர்த்தி ஹாட்ரியன், ஊர்ப் பெயரையே அழிக்கப் பார்த்தார். ஜெருசலேமுக்கு 'ஏலியா கேப்பிடோலினா' என்று நாமகரணம். யூதேயா என்ற மாகாணத்துக்கு 'சிரியா பாலஸ்தீனா'. பாலஸ்தீனம் என்ற பெயர் அரசாங்க முத்திரையோடு வந்தது அப்போதுதான். (அந்தப் பெயர் அதற்கும் பல நூற்றாண்டுக்கு முந்தியே கிரேக்கர்கள் வாயில் புழங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த விஷயத்தில் ஒரு வரி எழுதினால் ஒரு 'ஆனால்' போட்டே ஆகவேண்டியிருக்கிறது.)

யூதர்கள் சிதறினார்கள். சிலர் அங்கேயே ஒட்டிக்கொண்டும் இருந்தார்கள். ஜெருசலேம், ஹெப்ரான், சஃபேத், டைபீரியஸ் என்று நாலு ஊர்களில் ஏதோ ஒரு கூட்டம் இருந்துகொண்டே வந்தது. சிதறிப் போனவர்கள் மறக்கவில்லை. கல்யாணத்தில் மாப்பிள்ளை ஒரு கண்ணாடி டம்ளரைக் காலால் மிதித்து உடைப்பார். சந்தோஷமான நேரத்திலும் இடிந்த கோயிலை நினைத்துக்கொள்ளத்தான் அது என்பார்கள். பஸ்கா பண்டிகை விருந்து முடிகிறபோது, 'அடுத்த வருஷம் ஜெருசலேமில்' என்று சொல்லிவிட்டு எழுந்திருப்பார்கள். இப்படிச் சொல்லிச் சொல்லியே நூற்றுக்கணக்கான வருஷம். டிக்கெட் எடுத்தவர்கள் என்னவோ கொஞ்சம் பேர்தான்.

ஐரோப்பா அவர்களை நிம்மதியாக விட்டிருந்தால் அது ஒரு பிரார்த்தனையாகவே நின்றிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. விடவில்லை. 1290-ல் இங்கிலாந்து துரத்தியது. 1492-ல் ஸ்பெயின் துரத்தியது. (அப்போது 'வாங்க' என்று கூப்பிட்டு இடம் கொடுத்தவர் யார் தெரியுமா? துருக்கி சுல்தான், இரண்டாம் பயஸீத். முஸ்லிம்!) 1881-ல் ரஷ்யாவில் ஜார் மன்னர் குண்டுவீச்சில் செத்தபோது பழி யூதர்கள் மேல் விழுந்தது. வீடு புகுந்து அடித்தார்கள், கொளுத்தினார்கள். மூட்டை கட்டியவர்களில் பெரும்பாலோர் போன திசை அமெரிக்கா. ஒரு சிறு கூட்டம் மட்டும் பாலஸ்தீனம் போனது.

அப்புறம் வருகிறார் நம்ம ஹீரோ. தியோடர் ஹெர்ஸல். கன்னங்கரேல் தாடி. வியன்னா பேப்பர் ஒன்றின் பாரிஸ் நிருபர். நாடகம் எழுதுவார், சாயங்காலம் காபி கிளப் போவார், மதமெல்லாம் பெரிசாய்க் கிடையாது. 1895 ஜனவரியில் டிரைஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரியை, செய்யாத தேசத்துரோகத்துக்காக, நடுமைதானத்தில் நிற்க வைத்துப் பட்டைகளைப் பிய்த்து, வாளை முறித்தார்கள். வெளியே ஜனங்கள் வெறிக்கூச்சல். ஹெர்ஸல் நிருபராகப் போய்ச் செய்தி அனுப்பினார். சுதந்திரம், சமத்துவம் என்று உலகத்துக்கே பாடம் எடுத்த பிரான்ஸிலேயே இப்படி என்றால்..?

அடுத்த வருஷமே சின்னதாக ஒரு புத்தகம் போட்டார். 'யூத நாடு'. அதில் ஒரு வேடிக்கை: எந்த இடம் என்று அவர் முடிவே செய்யவில்லை! அர்ஜென்டினாவா, பாலஸ்தீனமா என்று ஒரு அத்தியாயம். எது கிடைக்கிறதோ, யூத ஜனங்கள் எதை விரும்புகிறார்களோ அது, என்கிறார். எங்கள் சலூன்காரர் பக்கத்தில் இருந்திருந்தால் கட்டிப் பிடித்துக்கொண்டிருப்பார்.

1897 ஆகஸ்டில் ஸ்விட்ஸர்லாந்தின் பாஸல் நகரத்தில் முதல் மாநாடு. வருகிறவர்கள் எல்லாம் கறுப்பு வால்கோட்டும் வெள்ளை டையும் கட்டாயம் போட வேண்டும் என்று ஹெர்ஸல் உத்தரவு. நாடே இல்லாதவர்களின் பார்லிமென்ட் கல்யாண ரிசப்ஷன் மாதிரி ஜொலித்தது. ஊர் திரும்பி டைரியில் குறித்தார்: யூத நாட்டை பாஸலில் ஸ்தாபித்துவிட்டேன், இதை இன்று உரக்கச் சொன்னால் சிரிப்பார்கள், ஐந்து வருஷத்தில் இல்லாவிட்டாலும் ஐம்பது வருஷத்தில் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள் என்று. 1897-உம் ஐம்பதும் கூட்டிப் பாருங்கள். ஐ.நா. ஓட்டெடுப்பு நடந்தது 1947-ல்.

சரி, வேறு இடம் தேடினார்களா? தேடினார்கள். ஒன்றல்ல, இரண்டல்ல.

ஹெர்ஸல் பிறப்பதற்கு முன்னாலேயே, 1825-ல், மோர்டெகாய் நோவா என்ற அமெரிக்க யூதர், நயாகரா பக்கத்தில் கிராண்ட் ஐலண்ட் என்ற தீவில் 'அராரத்' என்ற யூத நகரத்தை அறிவித்தார். பஃபலோ ஊரில் அஸ்திவாரக்கல் விழா. பீரங்கி முழக்கம், பாண்டு வாத்தியம், ஊர்வலம். சிவப்புப் பட்டு அங்கி மாட்டிக்கொண்டு நோவா கம்பீரமாக நடந்து வந்தார். அங்கி நாடகக் கம்பெனியில் இரவல் வாங்கியது என்பார்கள். ஒரு யூதர்கூடக் குடியேற வரவில்லை. கல் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

பாரன் ஹிர்ஷ் என்று ஒரு ரயில்வே கோடீஸ்வரர். ரஷ்ய யூதர்களை அர்ஜென்டினாவில் குடியேற்ற 1891-ல் ஒரு சங்கமே தொடங்கிப் பணத்தைக் கொட்டினார். பல்லாயிரம் பேர் போனார்கள். தையல்காரர்களும் பெட்டிக்கடைக்காரர்களும் தென் அமெரிக்கப் புல்வெளியில் குதிரை ஏறி மாடு மேய்த்தார்கள். பேரன்மார்கள் என்ன செய்தார்கள்? பட்டணம் போய் டாக்டரும் வக்கீலும் ஆனார்கள். எல்லா ஊர்ப் பேரன்மார்களும் செய்வதைத்தான்.

அப்புறம்தான் 'உகாண்டா'. 1903 ஏப்ரலில் ரஷ்ய சாம்ராஜ்யத்தின் கிஷினேவ் நகரில் 49 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த ரத்தம் காய்வதற்குள் பிரிட்டிஷ் மந்திரி ஜோசப் சேம்பர்லேன் ஹெர்ஸலைக் கூப்பிட்டு, கிழக்கு ஆப்பிரிக்காவில் இடம் தருகிறேன் என்றார். உகாண்டா என்று பெயரே தவிர, காட்டிய இடம் இன்றைய கென்யாவில் இருக்கிற மேட்டு நிலம். ஹெர்ஸல் மாநாட்டில் வைத்தார். இப்போதைக்கு உயிர் பிழைக்க ஒரு இடம் என்றார். இடத்தைப் பார்த்து வர ஆள் அனுப்பலாமா என்பதற்கு ஓட்டெடுப்பு. ஆதரவு 295, எதிர்ப்பு 178, நடுநிலை 98.

ஜெயித்தது தீர்மானம். ஆனால் எழுந்து வெளியே போனவர்கள் யார் தெரியுமா? ரஷ்யாக்காரர்கள். அடி வாங்கினவர்கள். கிஷினேவ் பிரதிநிதிகளும் அதில் உண்டு. வீட்டை இழந்தவனே, 'ஜெருசலேம் இல்லாத வீடு வேண்டாம்' என்கிறான். சிலர் துக்க வீட்டில் உட்காருகிற மாதிரி தரையில் உட்கார்ந்து அழுதார்களாம். ஹெர்ஸல் ஆடிப்போனார். அடுத்த வருஷம் ஜூலையில் இதயம் நின்றுவிட்டது. வயசு 44. பார்வையிடப் போன குழு 'லாயக்கில்லை' என்று ரிப்போர்ட் கொடுக்க, 1905-ல் ஆப்பிரிக்கக் கதை முடிந்தது. அங்கே இருந்த வெள்ளைக்கார விவசாயிகளும் 'வேண்டாம்' என்று கத்தியிருந்தார்கள். நாண்டி, மாசாய் ஜனங்களை யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதை முழுக்க, மண்ணில் இருக்கிறவனைக் கேட்பது வழக்கமில்லை.

ஸ்டாலின் காலத்து ரஷ்யாவும் ஒன்று கொடுத்துப் பார்த்தது. சீன எல்லையோரம், சைபீரியக் குளிரும் சதுப்பும் கொசுவும் நிறைந்த பிரோபிட்ஜான். 1934-ல் 'யூத சுயாட்சிப் பிரதேசம்' ஆனது. இன்றைக்கும் ரஷ்ய மேப்பில் அந்தப் பெயர் இருக்கிறது. ரயில்வே ஸ்டேஷனில் இத்திஷ் மொழியில் போர்டு இருக்கிறது. யூதர்கள்? நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

1938 ஜூலையில் ஹிட்லர் துரத்திய யூதர்களை யார் எடுத்துக்கொள்வது என்று பிரான்ஸின் எவியான் ஊரில் 32 நாடுகள் கூடிப் பேசின. ஒவ்வொரு நாட்டுப் பிரதிநிதியாக எழுந்து அனுதாபம் தெரிவித்துவிட்டு உட்கார்ந்தார். 'தாராளமா வரட்டும்' என்று சொன்னது குட்டி நாடான டொமினிக்கன் குடியரசு ஒன்றுதான். மறு வருஷம் செயின்ட் லூயிஸ் என்ற கப்பல் 937 பேரை ஏற்றிக்கொண்டு கியூபா போனது. அங்கே பெரும்பாலோரை இறங்கவிடவில்லை. அமெரிக்கக் கரை கண்ணுக்குத் தெரிந்தது, அங்கேயும் இடமில்லை. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. அதில் 254 பேர் பிறகு நாஜிகள் கையில் மாண்டார்கள்.

ஆக, சலூன்காரரே, இடம் கிடைக்கவில்லை என்பதும் நிஜம். கிடைத்த இடம் மனசுக்கு ஒட்டவில்லை என்பதும் நிஜம்.

இப்போது அந்த 1899 ஆசாமி. யூசுஃப் தியா அல்-காலிதி. ஜெருசலேமின் முன்னாள் மேயர், துருக்கி பார்லிமென்டில் உறுப்பினராக இருந்தவர், படித்த பெரிய மனுஷர். அவர் மார்ச் 1-ம் தேதி, ஹெர்ஸல் கையில் சேரட்டும் என்று, பிரான்ஸ் நாட்டுத் தலைமை ரபிக்கு ஃபிரெஞ்சில் ஒரு கடிதம் எழுதினார். வசவுக் கடிதமில்லை. யூதர்களுக்கு அந்த மண்ணோடு பழைய உரிமை உண்டு, யார் மறுப்பார்கள் என்றே ஆரம்பிக்கிறார். அப்புறம் சொல்கிறார்: ஆனால் அங்கே இப்போது வேறு ஜனங்கள் வாழ்கிறார்களே. உலகம் பெரிது, ஆள் இல்லாத இடங்கள் இருக்கின்றன, துன்பப்படுகிற யூதர்கள் அங்கே போய் ஒரு தேசமாக வாழட்டும். கடவுள் பெயரால் கேட்கிறேன், பாலஸ்தீனத்தை அதன் பாட்டுக்கு விட்டுவிடுங்கள்.

ஹெர்ஸல் பதினெட்டே நாளில் பதில் போட்டார். மரியாதையான பதில். யூதர்கள் வந்தால் பணம் வரும், படிப்பு வரும், நிலத்தின் விலை ஏறும், உங்கள் ஜனங்களுக்கும் லாபம்தானே. அவர்களை யார் வெளியே அனுப்ப நினைக்கப் போகிறார்கள்? சுல்தான் மறுத்தால் வேறு இடம் தேடிக்கொள்கிறோம்.

நான் இந்த இரண்டு கடிதங்களையும் திரும்பத் திரும்பப் படித்தேன். சண்டை தொடங்குவதற்கு வெகுமுன்பே, இரண்டு கௌரவமான மனிதர்கள் முழுச் சண்டையையும் இரண்டு கடிதத்தில் பேசி முடித்துவிட்டார்கள். காலிதி 'இது எங்கள் வீடு' என்கிறார். ஹெர்ஸல் 'வீட்டு விலை ஏறுமே' என்கிறார்.

யூதர்களிலேயே கண் திறந்து பார்த்தவர்கள் இருந்தார்கள். ஆஹாத் ஹாஆம் என்ற புனைபெயரில் எழுதிய ஹீப்ரு எழுத்தாளர் 1891-லேயே நேரில் போய்ப் பார்த்து, அங்கே விதைக்காத நல்ல நிலம் கிடைப்பது கஷ்டம், அரபுக்காரர்களை முட்டாள்கள் என்று நினைக்காதீர்கள் என்று எழுதிவிட்டார். பாராட்டுக் கிடைத்திருக்கும் என்றா நினைக்கிறீர்கள்?

இனி வருகிறவரை உங்களுக்குத் தெரியும். ஸ்கூலில் சரித்திர வாத்தியாரிடம் பிரம்படி வாங்க வைத்தவர். 'மாண்டேகு-செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தம் பற்றிக் குறிப்பு வரைக' என்று வருமே, அந்த எட்வின் மாண்டேகு. 1917-ல் இந்தியா மந்திரி. பிரிட்டிஷ் மந்திரிசபையில் இருந்த ஒரே யூதர்.

அந்த வருஷம் ஆகஸ்ட் 20-ம் தேதி, இந்தியாவுக்குப் படிப்படியாகப் பொறுப்பாட்சி தருவோம் என்று பார்லிமென்டில் அறிவித்தார். அது நம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. மூன்றே நாள் கழித்து, ஆகஸ்ட் 23-ம் தேதி, அதே மனுஷர் சக மந்திரிகளுக்கு ஒரு ரகசியக் குறிப்பு அனுப்பினார். அது நம் பாடப் புத்தகத்தில் இல்லை. தலைப்பே நெருப்பு: 'இந்த அரசாங்கத்தின் யூத விரோதம்'. பாலஸ்தீனத்தை யூதர்களின் தேசிய இல்லமாக்க மற்ற மந்திரிகள் தயாராகிக்கொண்டிருந்த நேரம். யூதர்களுக்கு நல்லது செய்கிறோம் என்று அவர்கள் நினைக்க, ஒரு யூதர் எழுந்து இது எங்களுக்குச் செய்கிற கெடுதல் என்கிறார்.

அவர் வாதம் இது. நான் இங்கிலாந்துக்காரன், மதம் மட்டும் யூத மதம். இங்கிலாந்துக் கிறிஸ்தவனும் பிரான்ஸ் கிறிஸ்தவனும் ஒரே தேசம் இல்லையே. அப்புறம் இங்கிலாந்து யூதனும் மொராக்கோ யூதனும் மட்டும் எப்படி ஒரே தேசம்? யூதர்களுக்கு என்று ஒரு தேசம் காட்டிவிட்டால், ஒவ்வொரு நாடும் தன் யூதக் குடிமக்களைப் பார்த்து 'உன் ஊருக்குப் போ' என்று சொல்லுமே. அங்கே ஏற்கனவே இருப்பவர்களோ வெளியேற்றப்படுவார்கள், சொந்த மண்ணில் அந்நியர் ஆவார்கள்.

இதில் குடும்பக் கதை வேறு. இந்தத் திட்டத்துக்கு மந்திரி பதவியில் இருந்தபோதே விதை போட்டவர் ஹெர்பர்ட் சாமுவேல். அவர் மாண்டேகுவின் சித்தப்பா - பெரியப்பா வழி அண்ணன். 1920-ல் பாலஸ்தீனத்துக்கு முதல் பிரிட்டிஷ் ஹைகமிஷனராகப் போனவர் அந்த அண்ணன்தான். ஒரே குடும்பத்து இரண்டு பேர், ஒருவர் ஆமாம், ஒருவர் கூடாது. யூதர்கள் எல்லாம் ஒரே குரலில் பேசுகிறார்கள் என்று நினைப்பவர்கள் ஒரு யூதக் குடும்பத்தைப் பார்த்ததில்லை.

அக்டோபரில் மாண்டேகு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். அவர் போராடியது வீண் போகவில்லை. எதிர்த்தவர்களைச் சமாதானப்படுத்த நகலில் இரண்டு நிபந்தனை சேர்த்திருந்தார்கள். ஆனால் 31-ம் தேதி மந்திரிசபை தீர்மானம் போட்டபோது அவர் அங்கே இல்லை. நவம்பர் 2-ம் தேதி வெளியுறவு மந்திரி பால்ஃபர், ராத்ஸ்சைல்ட் பிரபுவுக்குக் கையெழுத்திட்டார். கடிதத்தின் உயிரான வாக்கியம் 67 வார்த்தைகள்.

அந்த 67-ஐ வக்கீல் கண்ணோடு படிக்க வேண்டும். 'நாடு' என்று எழுதவில்லை. 'தேசிய இல்லம்' என்று எழுதினார்கள். அங்கே அப்போது பத்தில் ஒன்பது பேர் அரபுக்காரர்கள். அரபு என்ற சொல்லே கடிதத்தில் இல்லை. 'யூதரல்லாத சமூகங்கள்' என்று ஒரு பெயர். ஊரில் முக்கால்வாசிக்கும் மேலே இருப்பவர்களை 'மற்றவர்கள்' என்று சொல்லும் சாமர்த்தியம்! அந்த மற்றவர்களுக்குக் காப்பாற்றப்படுவது சிவில் உரிமையும் மத உரிமையும். பிற நாட்டு யூதர்களுக்கு என்று வரும்போது மட்டும் 'அரசியல் அந்தஸ்து' என்ற வார்த்தை வருகிறது. தற்செயலா? இரண்டு வருஷம் கழித்து, 1919 ஆகஸ்டில், பால்ஃபரே ஒரு குறிப்பில் பட்டவர்த்தனமாக எழுதினார்: அங்கே இருக்கும் ஜனங்களின் விருப்பத்தை ஒப்புக்குக்கூடக் கேட்கும் உத்தேசம் நமக்கு இல்லை என்று.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன். இதே பால்ஃபர் பிரதமராக இருந்த 1905-ல், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஓடிவந்த யூதர்கள் இங்கிலாந்தில் இறங்காமல் தடுக்க ஒரு சட்டம் வந்தது. என் வீட்டுக்கு வராதே, அடுத்தவன் வீட்டில் உனக்கு இடம் வாங்கித் தருகிறேன்!

அதே பிரிட்டன் 1915-16-ல் மெக்கா ஷெரீஃப் ஹுசைனுக்கு அரபு சுதந்திரத்தை வாக்குக் கொடுத்திருந்தது. பிரான்ஸோடு 1916-ல் ரகசியப் பங்கீடும் போட்டிருந்தது. ஒரே மனையை மூன்று பேருக்குக் கிரயம் பேசிய புரோக்கர்.

மிச்சத்தைத் தந்தி பாஷையில் சொல்கிறேன். 1922 கணக்கெடுப்பில் யூதர்கள் நூற்றுக்குப் பதினொன்று. ஹிட்லர் வந்ததும் கூட்டம் பெருகியது. 1929-ல் ஹெப்ரானில் 67 யூதர்கள் கொலை. 1936-லிருந்து மூன்று வருஷம் அரபு எழுச்சி. பிரிட்டன் ஈவிரக்கமில்லாமல் அடக்கியது. அப்புறம் 1939-ல் பயந்துபோய், யூதர் வருகையை ஐந்து வருஷத்துக்கு 75,000 என்று சுருக்கியது. ஐரோப்பாவில் அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்படப்போகும் நேரம் பார்த்துக் கதவு சாத்தப்பட்டது.

போர் முடிந்து அந்த எலும்புக்கூட்டு மனிதர்களின் போட்டோக்கள் வந்தபிறகு, 'வேற எடம்' என்று பேச யாருக்கும் வாய் வரவில்லை. பிரிட்டன் பிரச்னையை ஐ.நா. தலையில் கட்டியது. ஐ.நா. அனுப்பிய 11 நாட்டுக் குழுவில் இந்தியாவும் உண்டு. நம் பிரதிநிதி சர் அப்துர் ரஹ்மான். இரண்டாய் வெட்டாதீர்கள், ஒரே கூட்டாட்சியாக இருக்கட்டும் என்று இந்தியா, ஈரான், யூகோஸ்லாவியா மூன்றும் சொன்னதைப் பெரும்பான்மை ஏற்கவில்லை. 1947 நவம்பர் 29-ம் தேதி பிரிவினைக்கு ஆதரவு 33, எதிர்ப்பு 13, நடுநிலை 10. அப்போதுதான் தன் உடம்பை வெட்டிக்கொண்டு ரத்தம் நிற்காமல் இருந்த இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே பக்கம் எதிர்த்து ஓட்டுப் போட்டன. ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்கு இருந்த யூதர்களுக்கு நிலத்தில் பாதிக்கு மேல் ஒதுக்கியிருந்தார்கள். யூதர்கள் ஏற்றார்கள், அரபுக்காரர்கள் மறுத்தார்கள்.

1948 மே 14-ம் தேதி பென்-குரியன் இஸ்ரேலை அறிவித்தார். அக்கம்பக்கத்து அரபுப் படைகள் பாய்ந்தன, தோற்றன. ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள் வீடு இழந்தார்கள். சிலர் பயந்து ஓடினார்கள், சிலர் துப்பாக்கி முனையில் துரத்தப்பட்டார்கள். டெய்ர் யாசீன் கிராமத்தில் நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்ட செய்தி மற்ற கிராமங்களைக் காலி செய்ய வைத்தது. பூட்டிவிட்டு, பத்து நாளில் வரலாம் என்று சாவியை மடியில் செருகிக்கொண்டு போனார்கள். பேரன் பேத்திகள் இன்னும் அந்தச் சாவிகளை அகதி முகாமில் ஆணியடித்து மாட்டி வைத்திருக்கிறார்கள். அவர்கள் அதை நக்பா என்கிறார்கள். பேரழிவு. மறுபக்கத்தில் ஈராக், ஏமன், எகிப்து, மொராக்கோ என்று அரபு நாடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த லட்சக்கணக்கான யூதர்கள் அடுத்த வருஷங்களில் அங்கிருந்து பெயர்ந்தார்கள். அவர்களுக்கும் சாவி உண்டு.

அடி வாங்கியதால்தான் போனார்கள் என்று முழுக்கச் சொல்லிவிட முடியாதபடி ஒரு ஊர் என்னைக் குழப்புகிறது. நம்ம பக்கத்துக் கொச்சி. ஆயிரம் வருஷத்துக்கு முன் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ராபான் என்ற யூத வணிகத் தலைவருக்குப் பல்லக்கும் குடையும் வரி விலக்கும் கொடுத்து வட்டெழுத்தில் செப்பேடு எழுதித் தந்தான். மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய ஜெப ஆலயம் ராஜா அரண்மனைக்குப் பக்கத்தில் நிற்கிறது. போர்ச்சுக்கீசியர்கள் வந்துதான் அவர்களைத் தொந்தரவு செய்தார்களே தவிர, உள்ளூர்க்காரர்கள் செய்யவில்லை. ஆனாலும் 1950-களில் ஏறக்குறைய ஊரோடு கிளம்பி இஸ்ரேல் போய்விட்டார்கள். மலையாளத்தில் கல்யாணப் பாட்டுப் பாடுகிறவர்கள், தெற்கே நெகேவ் பாலைவனத்தில் நெவாதிம் என்ற கிராமத்தில் பூச்செடி வளர்த்தார்கள். மாண்டேகு லண்டன் சொகுசில் வேண்டாம் என்றார். கொச்சிக்காரர்கள் கொச்சிச் சுகத்தில் இருந்துகொண்டு வேண்டும் என்றார்கள். 'அடுத்த வருஷம் ஜெருசலேமில்' என்பது வெறும் வாய்ப்பேச்சு இல்லை என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

காந்திஜி 1938 நவம்பரில் 'ஹரிஜன்' பத்திரிகையில் எழுதினார். யூதர்கள்மேல் என் அனுதாபம் முழுக்க உண்டு. ஆனால் இங்கிலாந்து இங்கிலீஷ்காரனுக்கு என்பது போல பாலஸ்தீனம் அரபுக்காரர்களுக்கு, என்றார். எழுதியவரின் உயிர் நண்பர், தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணைக்கு 1,100 ஏக்கர் கொடுத்தவர், ஹெர்மன் காலன்பாக். யூதர். அதுவும் யூத நாட்டுக்காக உழைத்தவர்.

சரி, இன்றைய தகராறு என்ன? யுத்தங்களின் பட்டியலை விட்டுவிடுகிறேன். மூன்று முடிச்சுகள் போதும்.

1950-ல் இஸ்ரேல் ஒரு சட்டம் போட்டது. உலகத்தில் எந்த மூலையில் இருக்கும் யூதரும் வந்து குடியுரிமை வாங்கலாம். அதே வருஷம் இன்னொரு சட்டம், 'ஊரில் இல்லாதவர்கள்' சொத்து அரசாங்கப் பொறுப்புக்குப் போகும் என்று. ப்ரூக்ளினில் பிறந்து வளர்ந்தவர் 'திரும்பி' வரலாம். ஹைஃபாவில் பிறந்து லெபனான் முகாமில் கிடப்பவர் வர முடியாது. யூத நாடு யூதப் பெரும்பான்மையோடு இருக்க வேண்டுமென்றால் அப்படித்தான் முடியும் என்கிறது இஸ்ரேல். அந்த 'முடியும்' யார் செலவில் என்று கேட்கிறார்கள் பாலஸ்தீனர்கள்.

1967 ஜூனில் ஆறே நாள் யுத்தத்தில் மேற்குக் கரை, காஸா, கிழக்கு ஜெருசலேம் எல்லாம் இஸ்ரேல் கைக்கு வந்தன. ஜெயித்த நிலத்தில் குடியிருப்பு கட்ட ஆரம்பித்தார்கள், இன்னும் நிறுத்தவில்லை. 1993-ல் ராபினும் அராஃபத்தும் வாஷிங்டனில் கை குலுக்கியபோது முடிந்தது என்று நினைத்தோம். 1995-ல் ராபினைச் சுட்டுக் கொன்றவன் அரபுக்காரன் இல்லை, யூதன். அரபுப் பக்கத்திலும் சமாதானத்தைக் குண்டு வைத்துத் தகர்க்க ஆள் இருந்தார்கள்.

மூன்றாவது, 2018-ல் 62-க்கு 55 ஓட்டில் நிறைவேறிய சட்டம். இஸ்ரேலில் தேசிய சுயநிர்ணய உரிமை யூத மக்களுக்கு மட்டுமே என்கிறது. அரபு மொழி ஆட்சிமொழி ஸ்தானத்திலிருந்து 'விசேஷ அந்தஸ்து'க்கு இறங்கியது. அந்த நாட்டுக் குடிமக்களில் ஐந்தில் ஒருவர் அரபுக்காரர். 'யூதரல்லாத சமூகங்கள்' என்று பால்ஃபர் கடிதம் சொன்னது நூறு வருஷம் கழித்து வேறு உடுப்பில் வந்துவிட்டது.

2023 அக்டோபர் 7-ம் தேதி ஹமாஸ் இஸ்ரேலுக்குள் புகுந்து சுமார் 1,200 பேரைக் கொன்று, 251 பேரைப் பிணையாகக் கொண்டுபோனது. யூதர்கள் பத்திரமாக இருப்பதற்கென்றே உண்டான நாட்டில், வீட்டுக்குள் புகுந்து. அதற்குப் பதிலாக வந்த போரில் 2025 அக்டோபர் போர்நிறுத்தம் வரை 67,000 பேருக்கு மேல் இறந்ததாகக் காஸா சுகாதாரத் துறை சொன்னது. இரண்டுக்கும் நியாயம் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு வரவில்லை.

அந்தப் போர்நிறுத்தத்துக்குச் சில வாரம் முன், 2025 செப்டம்பர் 21-ம் தேதி, பிரிட்டன் பாலஸ்தீனத்தை ஒரு நாடாக அங்கீகரித்தது. பால்ஃபர் கடிதத்துக்கு 108 வருஷம் ஆகப்போகிற சமயம். (இந்தியா 1988-லேயே அங்கீகரித்துவிட்டது.)

போன ஞாயிற்றுக்கிழமை சலூனுக்குப் போனேன். கத்தியை எடுக்குமுன்னே முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். நயாகரா, அர்ஜென்டினா, ஆப்பிரிக்கா, சைபீரியா, கொச்சி... மனுஷர் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப இவங்களுக்கும் போக எடமில்ல, அவங்களுக்கும் போக எடமில்ல. அப்படித்தானே சார்?"

"அப்படித்தான்."

"எம்மாம் பெரிய ஊரு அது?"

"ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே எல்லாம் சேர்த்தால் இருபத்தாறாயிரம் சொச்சம் சதுர கிலோமீட்டர். இவர்கள் ஒரு எழுபது லட்சத்துக்கு மேல். அவர்களும் ஏறக்குறைய அதே அளவு."

"சரிக்குச் சரியா இருக்காங்களா!" என்றார் ஆச்சரியமாக. சோப்பைக் குழைத்துக் கன்னத்தில் பூசினார். கொஞ்ச நேரம் யோசித்தார். கத்தி கழுத்துக்கு வந்த பிறகு அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கிறது பத்தி யாராச்சும் கடுதாசி எழுதினாங்களா சார்?"

"ம்ம்..." என்றேன்.